'பேச்சு மூச்சில்லை' என்றால் என்ன? வன்னியிலிருந்து வரும் அவசர அழைப்பை எடைபோடப் பழக்குதல்

"அப்பா பேச்சு மூச்சில்லாமக் கிடக்கிறார்" என்று ஒருவர் தொலைபேசியில் கத்தினால், அந்த அப்பா மூச்சு விடுகிறாரா இல்லையா என்பது அந்த வாக்கியத்திலிருந்து தெரியாது. வெயிலில் வயல் வேலை செய்து தலைசுற்றி விழுந்தவருக்கும் வன்னியில் அதைத்தான் சொல்வார்கள். இதயம் நின்றுபோனவருக்கும் அதைத்தான் சொல்வார்கள். அழைப்பை எடுப்பவருக்குக் கொடுக்கும் பயிற்சியில் பாதி, இப்படிப்பட்ட வாக்கியத்தைக் கேட்டவுடன் அடுத்து என்ன கேட்பது என்பதுதான். மருத்துவ அறிவு மீதிப் பாதிக்குள் அடங்கிவிடும்.

இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் இந்திய நன்கொடையில் 88 வண்டிகளோடு தொடங்கியது. வன்னி அடங்கும் வடக்குக்கு அது விரிந்தது 2018 ஜூலையில். நாடு முழுவதற்குமான வண்டிகளின் தொகை பின்னர் 297 ஆனது. வன்னியில் துணுக்காயிலிருந்து அடித்தாலும் தெற்கே காலியிலிருந்து அடித்தாலும் அழைப்பு போய்ச் சேர்வது இராஜகிரியவில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்கு. ஒரே அறை என்பதில் வசதி உண்டு: எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு திரையில் தெரியும். விலையும் உண்டு. தொலைபேசியை எடுப்பவர் வன்னியின் ஒரு ஒழுங்கையையும் கண்ணால் காணாதவராக இருக்கலாம்.

இந்த வேலையை உலகம் ஒழுங்குபடுத்தத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சோல்ற் லேக் சிற்றியில் ஜெஃப் கிளோசன் என்ற மருத்துவர் அவசர அழைப்புகளுக்கான கேள்விகளை முறைப்பாட்டு வாரியாக அட்டைகளில் எழுதினார். இன்று பல நாடுகளில் ஓடும் கணினி முறையின் வேர் அந்த அட்டைகள்தான். இங்கிலாந்தில் உயிராபத்து இல்லாத மருத்துவ உதவிக்கான 111 இலக்கத்துக்கும் பல இடங்களில் 999 அம்புலன்ஸ் அறைக்கும் 'பாத்வேஸ்' என்ற வேறொரு முறை இருக்கிறது. இரண்டிலும் அழைப்பை எடுப்பவர் மருத்துவரோ தாதியோ அல்ல. வாரக்கணக்கில் வகுப்பில் இருந்து, பிறகு பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்க அழைப்பெடுத்துத் தேறிய சாதாரண ஊழியர். அவர் நோயைக் கண்டுபிடிப்பதில்லை. உயிரைப் பறிக்கக்கூடியவற்றை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிறார்: மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா, இரத்தம் பாய்கிறதா, நெஞ்சு நோகிறதா. விலக்க முடியாத இடத்தில் நிற்கிறார். அங்கே வண்டி புறப்படுகிறது. "இது மாரடைப்புப் போல" என்று மனதுக்குள் முடிவுகட்டிய பயிலுநர் அதற்குப் பிறகு அந்த முடிவுக்கு ஏற்ற கேள்விகளையே கேட்பார். பயிற்சியில் முதலில் உடைக்கவேண்டிய பழக்கம் அது. தாதியாக இருந்து வந்தவர்களிடம் உடைப்பது இன்னும் கடினம்.

ஆனால் நோய்க்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி, எங்கே என்பது. தொடர்பு அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டி போகும். நோய் முழுக்கத் தெரிந்து இடம் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது. வன்னியில் இதுதான் அதிகம் சறுக்கும் இடம். முள்ளியவளை, முள்ளிவாய்க்கால் இரண்டும் பதற்றக் குரலில் ஒன்றுபோலக் கேட்கும். முதலாவது மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34 பக்கம். மற்றது பரந்தனிலிருந்து வரும் ஏ35 பக்கம். முதல் திருப்பமே பிழைத்துவிடும். வவுனிக்குளம் என்று கேட்டதும் வரைபடத்தில் வவுனியாவைத் தட்டுபவர் உண்டு. அந்தக் குளம் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவிப் பக்கம். புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. முத்தையன்கட்டும் உடையார்கட்டும் இரைச்சலுக்குள் வெறும் 'கட்டு' ஆகிவிடும்.

அதனால் இடத்தை ஒரு கேள்வியில் முடிக்கக்கூடாது. மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு, கிராமம், கடைசியாக வண்டிச் சாரதி கண்ணால் காணக்கூடிய ஒரு அடையாளம் என்று நான்கு அடுக்கில் வாங்கவேண்டும். வீட்டு இலக்கம் வன்னியில் பெரும்பாலும் உதவாது. பள்ளிக்கூடம், கோயில், சந்தி, மதகு, பாலம், தண்ணீர்த் தாங்கி உதவும். மின்கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கமும் உதவும், ஆனால் ஆளை வெளியே அனுப்பிப் பார்க்கச் சொல்லவேண்டும். 'கட்டை' என்று ஒருவர் சொன்னால் அது பழைய மைல் கணக்கு. கிளிநொச்சி '155ஆம் கட்டை' என்பது இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. இன்று வீதியோரம் நிற்கும் கல்லிலோ கிலோமீற்றர். இரண்டையும் குழப்பினால் வண்டி வேறு மாவட்டத்தில் நிற்கும். வாங்கிய இடத்தைத் திருப்பிச் சொல்லி "சரியோ?" என்று கேட்பதும் போதாது, பயத்தில் இருப்பவர் எதற்கும் "ஓம் ஓம்" என்பார். "நீங்களே இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று அவர் வாயால் வரவைப்பதுதான் சோதனை. கைபேசி இலக்கத்தையும் அந்த நேரமே வாங்கவேண்டும். காட்டோரக் கிராமங்களில் சிக்னல் ஒரு வேப்பமரத்தடியில் மட்டும் கிடைக்கும். அழைத்தவர் நோயாளியிடம் ஓடிய கணமே தொடர்பு அறுந்துவிடும்.

அடுத்தது அந்தப் பேச்சு மூச்சு. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு உடல் இடைக்கிடை வாயைத் திறந்து காற்றை இழுக்கும். குறட்டை போல, விக்கல் போல, கரைக்கு வந்த மீன் வாய் பிளப்பது போல. அது மூச்சல்ல, மூளைத் தண்டின் கடைசி அசைவு. வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது "மூச்சு விடுறாரோ?" என்று கேட்டால் பதில் "ஓம்" தான். அந்த ஒரு "ஓம்" திரையில் விழுந்தால் கணினி மயக்கப் பிரிவுக்குத் தாவிவிடும். நெஞ்சை அமத்தும் அறிவுறுத்தல் வராது. திடீரென்று விழுந்தவர்களில் இந்த இழுப்பு அபூர்வமானதல்ல, அடிக்கடி காணப்படுவது.

ஆகவே கேள்வி "மூச்சு விடுறாரோ" என்பதல்ல, "வழமையா விடுறமாதிரி விடுறாரோ" என்பது. ஒரு கணம் தயங்கினாலும், "விடுறார், ஆனா..." என்று இழுத்தாலும் எண்ணிப் பார்க்கும் முறைக்குப் போகவேண்டும். "அவற்ர நெஞ்சைப் பாருங்கோ. நெஞ்சு எழும்புற ஒவ்வொரு முறையும் எனக்கு 'இப்ப' எண்டு சொல்லுங்கோ." பிறகு அழைப்பை எடுப்பவர் வாயை மூடவேண்டும். திரையின் மூலையில் ஓடும் வினாடியை மட்டும் பார்க்கவேண்டும். முதல் 'இப்ப'வுக்குப் பிறகு 10 வினாடிக்குள் அடுத்த 'இப்ப' வராவிட்டால் இதயம் நின்றதாகவே எடுக்கவேண்டும். பயிலுநர்கள் தவறுவது அந்த அமைதியில்தான். ஐந்தாவது வினாடியில் தாங்கமுடியாமல் "என்னம்மா, விடுறாரோ?" என்று கேட்டுவிடுவார்கள். எண்ணிக்கை கெட்டுப்போகும், மறுபடி தொடங்கவேண்டும். பயிற்சி அறையில் பத்து வினாடி மௌனத்தைத் தனியாகவே பழக்குவது வீண்வேலை அல்ல.

சந்தேகமாகவே இருந்தால்? அமத்தச் சொல்லவேண்டும். நினைவற்றுக் கிடந்தவரின் நெஞ்சைத் தேவையில்லாமல் அமத்தியதால் பெருங்கேடு வருவது அரிது. பெரும்பாலும் அவர் முனகித் தட்டிவிடுவார். அமத்தாமல் விட்டால் மூளைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

தொலைபேசி வழி நெஞ்சமுக்கத்தை அமெரிக்காவின் கிங் கவுண்டி 1980களின் தொடக்கத்திலேயே ஒரு திட்டமாக நடத்திக் காட்டியது. சொற்களைத் தமிழில் வைப்பது மொழிபெயர்ப்பாளர் வேலை அல்ல. "உள்ளங்கையின் குதிப்பகுதி" என்று எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. "கையின்ர அடிப்பக்கத்தை நெஞ்சுக்கு நடுவில வையுங்கோ, மற்றக் கையை அதுக்கு மேல வையுங்கோ, முழங்கை மடங்காம ஊண்டி அமத்துங்கோ" என்றால் கை தானாகப் போகும். ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். சொல்லவேண்டியது "ரண்டு அங்குலம் பதியவேணும்". வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இங்கே தமிழ் எண்கள் ஒரு சிக்கல் தரும். ஒண்டு, ரண்டு, மூண்டு, நாலு என்று இரண்டிரண்டு அசையாகப் போகும்வரை தாளம் நிற்கும். பதினொண்டு, பதினேழு, இருபத்திமூண்டு என்று நீளத் தொடங்கியதும் கை எண்ணுக்காகக் காத்திருக்கும். வேகம் எண்பதுக்கு விழும். நாலு வரை மட்டும் எண்ணி, திரும்பவும் ஒண்டிலிருந்து தொடங்கவேண்டும். நோயாளி சாக்குக் கட்டிலில் கிடந்தால் அமத்துவது முழுக்கக் கட்டிலுக்குத்தான் போகும். சீமெந்து நிலத்துக்கு இறக்கவேண்டும், முற்றத்து மணலும் அவ்வளவு நல்லதல்ல. அமத்துபவர் மருமகளாகவும் கிடப்பவர் மாமனாராகவும் இருந்தால் கை தயங்கும். விளக்கம் சொல்லி வெல்ல நேரமில்லை. "தங்கச்சி, கையை வையுங்கோ. நான் எண்ணுறன், நீங்கள் அமத்துங்கோ" என்று வேலையை மட்டும் கொடுத்தால் தயக்கம் தானாக விழும்.

சொற்பொறிகள் இன்னும் உண்டு. 'களைப்பு' என்று எழுதினால் ஏடுகளில் சோர்வு. வன்னி அம்மா "அவருக்குக் களைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். கொழும்புத் தமிழில் வளர்ந்தவர் இதைச் 'சோர்வு' என்று பதிந்தால், சுவாசப் பிரிவில் மேலே நிற்கவேண்டிய அழைப்பு அடிக்குப் போய்விடும். 'வலி' என்றால் வன்னியில் பரம்பரையாக இருப்பவர்களின் வாயில் வலிப்பு; நோவுக்கு அவர்கள் சொல்வது 'நோ'. மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியவர்களின் வாயில் அதே 'வலி' வெறும் நோ. 'இழுப்பு' முட்டாகவும் (ஆஸ்துமா) இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். 'மயக்கம்' தலைச்சுற்றிலிருந்து நினைவிழப்பு வரை எதுவும். 'வாய்வு' என்பதற்குள் எத்தனையோ மாரடைப்பு ஒளிந்திருக்கிறது. இவற்றுக்கு அகராதி போட்டு மனனம் செய்வதைவிட ஒரு பழக்கம் பயன்தரும்: நோயின் பெயரைக் கேட்காமல் கண்ணுக்குத் தெரிவதைக் கேட்பது. "கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறாரோ? ஒரு வசனம் முழுக்கக் கதைக்கிறாரோ, இல்லை இடையில மூச்செடுக்கிறாரோ? கை கால் அடிக்குதோ?"

எல்லாச் சொல்லிலும் ஆபத்தானது 'மருந்து'. "மருந்து குடிச்சிட்டா" என்றால் டிஸ்பிரின் குடித்திருக்கலாம், நெல்லுக்கு அடிக்கும் மருந்தையும் குடித்திருக்கலாம். "என்ன மருந்து? வயலுக்கு அடிக்கிறதோ?" என்று நேராகக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. சத்தி எடுக்கவைக்கக்கூடாது, உப்புத் தண்ணீர் பருக்கக்கூடாது, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைக்கவேண்டும், மருந்து பட்ட உடுப்பைக் கழற்றிக் கழுவவேண்டும், போத்தலை வண்டியில் கொடுத்தனுப்பவேண்டும். அலரி விதை வடக்கில் பலகாலமாக அறியப்பட்ட நஞ்சு. அது இதயத் துடிப்பைக் குழப்பும். சாப்பிட்டவர் மணிக்கணக்கில் நன்றாகப் பேசிக்கொண்டு இருந்துவிட்டுத் திடீரென்று விழலாம். "இப்ப சுகமா இருக்கிறா" என்ற ஒரு காரணத்துக்காக நஞ்சு அழைப்பைக் கீழே இறக்கக்கூடாது. உயிரை மாய்க்க முனைந்தவர் தானே அழைத்தால், வண்டி வரும்வரை அவரோடு கதைத்துக்கொண்டிருப்பது மட்டுமே வேலை. ஏன் செய்தீர்கள் என்ற விசாரணை அல்ல.

பாம்புக்கடி அழைப்பு இரவில் "ஏதோ பூச்சி கடிச்சுப்போட்டுது" என்று வரும். இருட்டில் பாம்பின் பெயரைச் சொல்லத் தயங்குபவர்கள் இன்னமும் உண்டு. கட்டுவிரியன் நிலத்தில் பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் நோவும் வீக்கமும் இல்லாமலே போகலாம். விடிய வயிற்றுநோ, கண்ணிமை சரிவு, விழுங்கக் கடினம். ஆகவே நிலத்தில் படுத்தவருக்கு விடியற்புறம் வயிற்றுநோ என்றால் "கண் முழுக்கத் திறக்கேலுமோ?" என்று ஒரு கேள்வி கூட்டிக்கொள்ளவேண்டும். மூச்சுத் தசைகள் சோர்ந்து நின்றாலும் இதயம் சிறிது நேரம் ஓடும். இங்கே வாயோடு வாய் ஊதுவது வண்டி வரும்வரை தாங்கும். கிழிக்காதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, மோதிரத்தைக் கழற்று, கடித்த காலை அசைக்காதே, கடித்த நேரத்தைச் சொல். பாம்பை அடித்துக்கொண்டு வரவேண்டியதில்லை. தேடப்போன இரண்டாமவரும் கடி வாங்குவார். விஷகடி வைத்தியரிடம் கொண்டுபோக வீட்டில் பேச்சு நடந்தால் சண்டை பிடிப்பதில் பயனில்லை. "வண்டி வரேக்க ஆள் வீட்டில இருக்கோணும், இல்லையெண்டா எங்க நிப்பியள் எண்டு இப்பவே சொல்லுங்கோ" என்பது போதும். வெற்று வீட்டுக்கு வண்டி வந்து நிற்பதுதான் இதில் பெரிய இழப்பு.

பொய் சொல்லும் அழைப்புகளையும் எதிர்பார்க்கவேண்டும். காட்டுப்பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு காலைப் பிளந்தால் "கம்பி குத்திப்போட்டுது" என்பார்கள். பன்றிக்கு இழுத்த கரண்ட் கம்பியில் அடிபட்டால் "விழுந்திட்டார்" என்பார்கள். சட்டம் பயமுறுத்துகிறது. இங்கே சரியான கேள்வி காரணத்தைப் பற்றியதல்ல. "இரத்தம் சொட்டுதோ, பாயுதோ? துணி எத்தினை நனைஞ்சிட்டுது?" பாய்ந்தால் அழுத்திப் பிடிக்கவைக்கவேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கவிடக்கூடாது. வயலில் ஒருவர் விழுந்து கிடந்து காரணம் தெளிவில்லை என்றால் தொடவிடும் முன் "கம்பி கிம்பி கிட்டக் கிடக்கோ?" என்று கேட்கவேண்டும். கண்ணிவெடி அகற்றாத நிலத்தில் வெடித்தது என்றால் ஓடிப்போகும் மனிதரைத் தடுப்பதுதான் முதல் சிகிச்சை.

பாரிசவாதத்துக்கு (பக்கவாதம்) கேள்வி ஒன்றே தலையாயது: கடைசியாக எப்போது நல்லபடி இருந்ததைக் கண்டீர்கள்? இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியால எல்லை உண்டு. விடியக் கண்டதை விடிய வந்ததாக எழுதக்கூடாது. பிள்ளைப்பேற்றில் "முக்கவேணும் போல இருக்கோ?" என்பதற்கு ஓம் என்றால் ஓட்டோவில் ஏற்றுவதை நிறுத்தவேண்டும்.

எந்த அழைப்பையும் மேலே தூக்கிவிட்டால் பாதுகாப்புத்தானே என்று பயிலுநர் கேட்பது வழமை. இங்கிலாந்து 2017இல் அழைப்புகளை நான்கு வகையாக்கியது. அப்போது முதல் வகைக்கு வைத்த சராசரி இலக்கு 7 நிமிடம், இரண்டாவதுக்கு 18. அந்த எண்களை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்து ஒட்டமுடியாது. ஒரு பிரிவில் நிற்கும் வண்டி ஒரு காய்ச்சலுக்குப் புறப்பட்டுவிட்டால் அடுத்த வண்டி பக்கத்து ஊரிலிருந்து வராது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர், இடையில் இரவில் யானை, மாரியில் வெள்ளம். கூடுதலாக மதிப்பிடுவதும் ஒருவருக்குச் சேதம்தான், அவர் இன்னும் அழைக்கவில்லை என்பது மட்டும் வித்தியாசம். நோயாளியை ஏற்கெனவே ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள் என்றால் திரும்பிப் போகச் சொல்லாமல், இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒரு சந்தியில் வண்டியைச் சந்திக்க வைப்பது பல நேரம் நல்லது. அந்த முடிவை அழைப்பை எடுப்பவர் தனியாக எடுக்காமல் மேற்பார்வையாளரிடம் கொடுக்கவேண்டும்.

இதெல்லாம் விரிவுரையில் ஏறாது. நடிப்பு அழைப்புகளில்தான் ஏறும், அதுவும் நடிப்பவர் வன்னி வாயில் பேசத்தெரிந்தவராக இருந்தால். ஏட்டுத்தமிழில் தெளிவாகப் பதில் சொல்லும் நடிகரை வைத்துப் பழகியவர் முதல் உண்மை அழைப்பில் திணறுவார். கோழி, ரேடியோ, அழும் பிள்ளை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவது, எல்லாம் ஒலிப்பதிவில் இருக்கவேண்டும். கத்துபவருக்கு ஒரே வசனத்தை, அதே குரலில், காரணத்தோடு திரும்பத் திரும்பச் சொல்லும் முறை ஒன்று உண்டு: "அம்மா, உதவி செய்யோணுமெண்டா இடத்தைச் சொல்லுங்கோ." மூன்றாம் நான்காம் தடவையில் பெரும்பாலானோர் இறங்கிவருவார்கள். வசனத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றினால் இறங்கமாட்டார்கள். பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கணக்குப் பார்க்கவேண்டும்: இடம் எத்தனையாவது வினாடியில் கிடைத்தது, இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டாரா, "நெஞ்சு நோகேல்லைத்தானே?" என்று பதிலைத் தானே ஊட்டினாரா, முதல் அமத்தல் எப்போது. குரல் இனிமைக்குப் புள்ளி கொடுக்கும் மதிப்பீட்டுத் தாள்களைக் கிழித்துப்போடலாம்.

வண்டி புறப்பட்ட பிறகு அழைப்பு முடிவதில்லை. தூரம் கூடக்கூடத் தொலைபேசியில் இருப்பவரின் வேலை நீள்கிறது. வாயில் தண்ணீர் பருக்க வருபவரைத் தடுக்கவேண்டும், வலிப்புக்காரர் கையில் திறப்பைத் திணிப்பவரைத் தடுக்கவேண்டும், அமத்துபவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் மாறவேண்டும், ஒருவர் ரோர்ச் லைற்றோடு கிறவல் ரோட்டு முனையில் நிற்கவேண்டும், நாயைக் கட்டவேண்டும், படலையைத் திறந்துவிடவேண்டும். "வந்திட்டினம்" என்ற குரல் கேட்டாலும் வைக்கக்கூடாது. அது பக்கத்து வீட்டு ஓட்டோவாகவும் இருக்கலாம். வண்டியில் வந்தவரின் குரலைக் காதால் கேட்டு, நேரத்தைப் பதிந்த பிறகே தொடர்பை வைக்கலாம்.